உபுண்டு லேப்டாப் ரொம்ப ஸ்லோ: ஃபார்மட் செய்து மறுபடி போட்டால் சரியாகுமா?

மெதுவண்டி:

எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப் விவரம் முதலில்: இன்டெல் கோர் ஐ3-5005யூ, 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம் ஒரே ஸ்டிக், இன்னொரு ஸ்லாட் காலி. 1 டிபி ஹார்ட்டிஸ்க், 5400 ஆர்பிஎம். 18.04 ஆகப் போட்ட உபுண்டு, ஃபார்மட் இல்லாமலே 20.04, பிறகு 22.04 என்று அப்கிரேடு ஆகி வந்திருக்கிறது. விண்டோஸ் கிடையாது. ரூட் பார்டிஷன் (ஓஎஸ் இருக்கும் பகுதி) 40 ஜிபி, அதில் 91% நிரம்பிவிட்டது. என் கோப்புகள் இருக்கும் ஹோம் தனிப் பார்டிஷன்.

பட்டனை அழுத்தி டெஸ்க்டாப் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஃபயர்ஃபாக்ஸ் முதல் தடவை திறக்க ஒரு நிமிடம். நாலைந்து டேப் திறந்தால் மவுஸ் அம்புக்குறியே நின்று நின்றுதான் நகர்கிறது. ஹார்ட்டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. பார்க்கிற வேலை பெரிதாக ஒன்றுமில்லை: லிப்ரே ஆபிஸில் தமிழ்த் தட்டச்சு, ஜிமெயில், யூடியூப், அவ்வப்போது கூகுள் மீட்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு 24.04 புதிதாகப் போடலாமா? வேகம் வருமா? லுபுண்டு, மின்ட் என்று பலர் பல லினக்ஸ் வகைகளின் பெயர் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

திருச்சி_டக்ஸ்:

அதே ஹார்ட்டிஸ்க்ல 24.04 போட்டா பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. நாலு நாள் நல்லா ஓடுற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸ்ல ரெஜிஸ்ட்ரி வீங்கி வருஷா வருஷம் மெதுவாகுதுன்னு சொல்வாங்களே, அந்தக் கதை இங்க கிடையாது. பழைய செட்டிங்ஸ் ஃபைல் ஆயிரம் கிடந்தாலும் எந்த புரோகிராமும் அதைத் தேடிப் போய்ப் படிக்கப் போறதில்ல.

லினக்ஸ் மெதுவாகுதுன்னா ஒண்ணு டிஸ்க் சாகுது, இல்ல ரேம் பத்தல, இல்ல சிபியூ சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்குது. எதுன்னு பாக்காம கைய வைக்காதீங்க. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும், அவசரம் ஒண்ணும் இல்ல.

வேர்_பயனர்:

மேலே சொன்னது சரி. எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன். கால் மணி நேர வேலை.

டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, ஹார்ட்டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் டேட்டாவை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் கணக்கு) பாருங்கள். "டிஸ்க் இஸ் ஓகே" என்று மேலே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்; அது உற்பத்தியாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் மாறும். கீழே பட்டியலில் எண் 5 (ரீஅலொக்கேட்டட் செக்டர்), 197 (கரண்ட் பெண்டிங் செக்டர்), 198 (அன்கரெக்டபிள்), 199 (சிஆர்சி பிழை) ஆகிய நான்கின் மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிள் அல்லது கனெக்டர் கோளாறு. 197 பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன.

பிறகு டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் கொடுங்கள். பூட் நேரத்தை ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், யூசர்ஸ்பேஸ் என்று பிரித்துக் காட்டும். அந்த ஒரு வரியை அப்படியே இங்கே போடுங்கள். பலர் இதோடு பிளேம் பட்டியலையும் போட்டு, மேலே இருக்கும் சர்வீஸை எல்லாம் நிறுத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு சர்வீஸ் தொடங்க எவ்வளவு நேரமானது என்றுதான் இருக்கும். அதனால் பூட் தாமதமானதா என்று அது சொல்லாது.

அடுத்து, ஃபயர்ஃபாக்ஸில் ஐந்து டேப் திறந்து கணினி திணறும்போது விஎம்ஸ்டாட் 1 ஓடட்டும். நொடிக்கு ஒரு வரி வரும். டபிள்யூஏ என்ற பத்தி சிபியூ எத்தனை சதவீத நேரம் டிஸ்குக்காகக் காத்திருக்கிறது என்பது. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் ஸ்வாப்பிலிருந்து (ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்கில் ஒதுக்கும் இடம்) வருவதும் அதற்குப் போவதும். கூடவே ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் வரியையும், "அவெய்லபிள்" பத்தியையும் பாருங்கள். "யூஸ்டு", "ஃப்ரீ" எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; காலியாக இருக்கும் ரேமை கெர்னல் கேஷாகப் பயன்படுத்துவது வழக்கம், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும்.

கடைசியாக, வெப்பம் பார்க்க எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜ் போட்டு சென்சார்ஸ் கட்டளை. சிபியூ வேகத்தையும் தனியாகப் பாருங்கள். உங்கள் சிபியூவுக்கு டர்போ கிடையாது, உச்ச வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ். வேலை நடக்கும்போதும் 500–800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றால் சூடோ, அடாப்டரை லேப்டாப் அடையாளம் காணாததோ காரணமாக இருக்கலாம். அப்படியானால் என்ன ஓஎஸ் போட்டாலும் பயனில்லை.

மெதுவண்டி:

எடுத்துவிட்டேன்.

ஸ்மார்ட்: 5 = 8, 197 = 24, 198 = 24, 199 = 0.

பூட்: ஃபர்ம்வேர் 5 நொடி, லோடர் 4 நொடி, கெர்னல் 41 நொடி, யூசர்ஸ்பேஸ் 2 நிமிடம் 38 நொடி.

விஎம்ஸ்டாட்: திணறும்போது டபிள்யூஏ 60-லிருந்து 85 வரை. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யம். ஸ்வாப் மொத்தமே பூஜ்யம் என்று காட்டுகிறது. அவெய்லபிள் 150 எம்பிக்குக் கீழே இறங்குகிறது. வெப்பம் 62 டிகிரி, வேகம் 1.9 – 2.0.

ரூட்டை 40 ஜிபியாகப் பெரிதாக்க, பக்கத்தில் இருந்த பழைய ஸ்வாப் பார்டிஷனை ஜிபார்ட்டட் என்ற பார்டிஷன் கருவியில் அழித்திருக்கிறேன். விஷயம் இதில் இருக்குமோ?

வேர்_பயனர்:

ஆமாம், பாதி அதில்தான். மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஒன்று: எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட்டில் இணைக்க வேண்டிய பார்டிஷன்களின் பட்டியல்) அந்தப் பழைய ஸ்வாப்பின் யூயூஐடி (அடையாள எண்) இன்னும் இருக்கும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டி ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத அந்தப் பார்டிஷனுக்காக 90 நொடி காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும். பிளேமில் இது தெரியாது. சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலைத் திறந்தால் "டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ்" என்ற வரி இருக்கும். இதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலும் (ரூட்டைத் திறக்கும் முன் ரேமில் ஓடும் ஆரம்ப அமைப்பு), ஹைபர்னேட் செய்ததை மீட்க வேண்டுமோ என்று அதே ஸ்வாப்பைச் சுமார் 30 நொடி தேடியிருக்கும். அந்த நேரம் கெர்னல் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் 41 நொடியில் 30, 158 நொடியில் 90. ஆக, மூன்றரை நிமிட பூட்டில் இரண்டு நிமிடம் சும்மா காத்திருப்பு. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால் # போட்டு, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டருக்குள் கான்ஃப்.டி-யில் இருக்கும் ரெஸ்யூம் கோப்பில் யூயூஐடிக்குப் பதில் 'நன்' (ஆங்கிலத்தில் none) என்று எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினால் இரண்டும் போய்விடும். செலவு இல்லை.

இரண்டு: ஸ்வாப்பே இல்லாமல் 4 ஜிபி. ஸ்வாப் இல்லாவிட்டால் டிஸ்குக்குப் போக்குவரத்து குறையும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. ரேம் நிரம்பியதும் கெர்னல், ஸ்வாப்பில் தள்ள முடியாத டேட்டாவை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கோட் பக்கங்களைத் தூக்கி எறியும். அவை டிஸ்கில் இருக்கின்றனவே, திரும்பப் படித்துக்கொள்ளலாம் என்று. அடுத்த நொடியே அதே பக்கம் தேவைப்படும், மறுபடி படிக்கும், மறுபடி எறியும். எஸ்ஐ, எஸ்ஓ பூஜ்யமாக இருந்தும் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும், மவுஸ் நிற்பதும் இதனால்தான்.

மூன்று: டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. 197-இல் 24 என்றால் 24 செக்டர்களைப் படிக்க முடியவில்லை. அவற்றில் ஒன்றில் கை வைக்கும்போதெல்லாம் டிஸ்க் உள்ளுக்குள்ளேயே பல நொடி திரும்பத் திரும்ப முயலும். அதுவரை வரிசையில் நிற்கும் மற்ற எல்லாக் கோரிக்கையும் நிற்கும். கெர்னலின் செய்திப் பதிவான டிமெஸேஜில் "ஐ/ஓ எரர்" வரிகள் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை பேக்கப். இந்த டிஸ்கில் எஃப்எஸ்செக்கோ (பார்டிஷனைச் சோதித்துத் திருத்தும் கட்டளை), முழு டிஸ்க் ஸ்கேனோ இப்போது ஓட்டாதீர்கள். தேவையான ஃபோல்டர்களை முதலில் வெளி டிஸ்குக்கு ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில் எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு மற்றதை முடியுங்கள். சிக்கிய பகுதிக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது. எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயரையும் கொடுத்து ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மோசமான இடத்துக்குக் கடைசியில் வரும்.

நோட்பேட்99:

இவ்வளவு தூரம் போகணுமா? ப்ரீலோட் (அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் நிரல்) போட்டு, ஸ்வாப்பினஸ் (ஸ்வாப்பை எவ்வளவு நாட வேண்டும் என்ற அளவு) 10 வைத்து, பூட்லோடரான க்ரப்பில் மிட்டிகேஷன்ஸ் ஆஃப் (சிபியூ பாதுகாப்பு அடைப்புகளை நிறுத்துவது) கொடுத்தால் பழைய ஐ3 நன்றாகவே ஓடும். ஸ்னாப்பையும் (உபுண்டுவின் பேக்கேஜ் முறை) தூக்கிவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் உடனே திறக்கும்.

திருச்சி_டக்ஸ்:

ஸ்வாப்பே இல்லாத மெஷினுக்கு ஸ்வாப்பினஸ் 10 வெச்சு என்ன ஆகப்போகுது? ப்ரீலோட், இருக்குற ரேம்ல இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். 150 எம்பி மிச்சம் இருக்குற ஆளுக்கு அது எதுக்கு? மிட்டிகேஷன்ஸ் ஆஃப் பண்றது பிரவுசர் ஓடுற மெஷின்ல செய்யக் கூடாத வேலை. சிபியூ ஓட்டைகளை அடைக்கத்தான் அது இருக்கு, அதோட இவர் பிரச்சினை சிபியூவே இல்ல.

ஸ்னாப் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றது பாதி சரி. 22.04-ல ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாதான் வருது. சுருக்கி வெச்ச ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலை மவுன்ட் பண்ணி, அதுக்குத் தேவையான க்னோம் ரன்டைம், கோர் எல்லாத்தையும் வேற வேற ஸ்னாப்லேர்ந்து எடுக்கணும். எஸ்எஸ்டில தெரியாது, சுத்துற டிஸ்க்ல கொல்லும். பழைய பதிப்பை வேற கூடவே வெச்சிருக்கும், அந்த 91%-ல ஒரு பங்கு அதுவா இருக்கலாம். ஆனா இதைத் தூக்குறதால சாகுற டிஸ்க் பிழைக்காது.

எக்ஸ்எஃப்சிஇ_ரசிகை:

மெதுவண்டி, டிஸ்க் மாற்றியே ஆக வேண்டும் என்பதால் இப்போது புதிதாக நிறுவுவதற்கு அர்த்தம் இருக்கிறது. வாங்க வேண்டியது இரண்டு பொருள்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன், 240 அல்லது 256 ஜிபி போதும். உங்கள் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருந்தால்கூட சாட்டாவே வாங்குங்கள், குழப்பம் இல்லை. அதிவேக மாடல் தேவையில்லை. கணக்கு இதுதான்: 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கும். தேடும் இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாகப் பாதிச் சுற்று, ஊசி நகர இன்னும் 12 மில்லிநொடி போல. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்குச் சுமார் 60 தடவைதான் எட்ட முடியும். சாதாரண எஸ்எஸ்டி இதையே ஆயிரக்கணக்கில் செய்யும். பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் இந்த மாதிரி சில்லறைப் படிப்புகள்தாம். நம்ப முடியாத விலையில் 1 டிபி என்று விற்பதைத் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு நிறைய சுற்றுகிறது. சந்தேகம் இருந்தால் எஃப்3 என்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

இரண்டாவது 4 ஜிபி டிடிஆர்3எல்-1600 சோடிம் (லேப்டாப் ரேம் ஸ்டிக்) ஒன்று. கடையில் "எல்" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 1.35 வோல்ட். வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட், அளவில் அதுவும் 204 பின்தான், ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் இந்த சிபியூ அதை ஏற்காது, திரையே வராது. இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் ட்யூயல் சேனலில் ஓடும். ரேமைப் பங்குபோடும் உள் கிராஃபிக்ஸுக்கும் அது நல்லது.

எதைப் போடுவது என்ற கேள்விக்கு: 4 ஜிபியிலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் லுபுண்டு அல்லது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப். 8 ஜிபி ஆக்கினால் அவ்வளவு கீழே இறங்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பை மாற்றினால் மிச்சமாவது சில நூறு எம்பி. ஜிமெயிலும் மீட்டும் திறந்த பிரவுசர் அதை ஒரே மூச்சில் விழுங்கும். என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அடித்தளம் உபுண்டு 24.04தான், 2029 வரை அப்டேட் உண்டு, ஸ்னாப் இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் சாதாரண பேக்கேஜாக வருகிறது. லுபுண்டு 24.04-க்கு மூன்று வருட ஆதரவுதான், 2027 ஏப்ரலோடு முடியும். டெபியன் 13-உம் நல்ல தேர்வே, ஆனால் முதல் நாள் அமைப்பு வேலை கொஞ்சம் கூடுதல்.

நிறுவும் முறை: ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இறங்கும்போது பாதியில் கெட்ட ஐஎஸ்ஓ, நிறுவுகையில் புரியாத பிழையோடு நிற்கலாம். அப்போது எல்லாரும் எஸ்எஸ்டியைச் சந்தேகிப்பார்கள். கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது, எட்சர் மாதிரி ஒரு கருவியால் எழுத வேண்டும். 4 ஜிபி பென்டிரைவ் போதும், 8 இருந்தால் நிம்மதி.

பழைய ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்துங்கள். தவறான டிஸ்கை அழிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பென்டிரைவில் பூட் செய்ததும், நிறுவும் முன் லைவ் டெஸ்க்டாப்பிலேயே வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் மேனேஜரில் /சிஸ்/ஃபர்ம்வேர் உள்ளே இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பயாஸுக்குப் போய், புதிய முறையான யூஇஎஃப்ஐ ஆக்கிவிட்டு வாருங்கள்.

புது எஸ்எஸ்டி என்பதால் "இரேஸ் டிஸ்க்" கொடுத்தாலே போதும். தனி ஹோம் வேண்டுமென்றால் "சம்திங் எல்ஸ்": 512 எம்பி இஎஃப்ஐ பார்டிஷன், ரூட்டுக்கு 60 ஜிபி ஈஎக்ஸ்டி4, மிச்சம் ஹோம். ஸ்வாப் பார்டிஷன் வேண்டாம், ஸ்வாப் கோப்பை நிறுவியே உருவாக்கிக்கொள்ளும். "மல்டிமீடியா கோடெக்ஸ்" பெட்டியை டிக் செய்யுங்கள். பயனர் பெயர் பழையதாகவே இருக்கட்டும், பின்னால் கோப்புகளைக் கொண்டுவர எளிது.

மெதுவண்டி:

மிக்க நன்றி. இரண்டு பொருளும் வாங்கப் போகிறேன். டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (டிஸ்கை வைக்கும் சட்டகம்) போட்டுப் பழைய ஹார்ட்டிஸ்கையும் உள்ளேயே வைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். செய்யலாமா? அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்டு, தமிழ் எழுத்துருக்கள் இதையெல்லாம் எப்படிக் கொண்டுவருவது?

திருச்சி_டக்ஸ்:

கேடி 9.5 மிமீ, 12.7 மிமீன்னு ரெண்டு தடிமன்ல வருது. டிவிடி டிரைவைக் கழட்டி அளந்து பாத்துட்டு வாங்கணும். எஸ்எஸ்டி மெயின் இடத்துலதான் இருக்கணும், ஹார்ட்டிஸ்க் கேடியில. மாத்திப் போட்டா சில மெஷின்ல டிவிடி போர்ட் மெதுவான சாட்டாவா இருக்கும், பூட்டும் தகராறு பண்ணும்.

ஆனா நிறுவும்போது கேடி உள்ள இருக்கக் கூடாது. உபுண்டு, மின்ட் பழைய நிறுவி ரெண்டுக்கும் ஒரு தெரிஞ்ச கோளாறு: பூட்லோடர் எங்கன்னு நீங்க எஸ்எஸ்டியைக் காட்டினாலும், முதல் டிஸ்க்ல ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்டிஷன் இருந்தா அதுல கொண்டுபோய் எழுதிடும். எல்லாம் நல்லா ஓடுற மாதிரி தெரியும். ஹார்ட்டிஸ்க் செத்த அன்னிக்கோ கழட்டின அன்னிக்கோ எஸ்எஸ்டி பூட் ஆகாது. அதனால ஹார்ட்டிஸ்க் வெளிய, நிறுவல் முடிஞ்சு ஒரு தடவை ரீபூட் ஆகட்டும், அப்புறம் மத்தது.

வைஃபைக்கும் ஒரு வார்த்தை. உள்ள பிராட்காம் சிப் இருந்தா, குறிப்பா பிசிஎம்43142, நிறுவின உடனே வைஃபை வராது. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேணும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேணும். போனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, எந்த டிரைவரும் இல்லாம வேலை செய்யும். அதுல டிரைவர் மேனேஜரைத் திறந்து போட்டுக்கலாம். செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இடையில ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது ரீபூட்ல நீலத் திரை ஒண்ணு வரும்போது "என்ரோல் எம்ஓகே"-ல திரும்பக் குடுக்குறதுக்கு. அந்தத் திரையை "கன்டின்யூ"ன்னு தாண்டிட்டா டிரைவர் ஏறாது, ஏன்னு தெரியாம நாள் பூரா தேடணும். ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ சிப்னா வைஃபை வரும், ஆனா ரூட்டர் பக்கத்துல உக்காந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். ஆன்டெனா ஒண்ணுதான் பொருத்தியிருப்பாங்க, டிரைவர் இன்னொரு முனையில தேடும். மாட்யூல் ஆப்ஷன்ல ஆன்ட்_செல் மதிப்பை 1 இல்ல 2 ஆக்கினா சரியாகும்.

எக்ஸ்எஃப்சிஇ_ரசிகை:

கோப்புகளைக் கொண்டுவருவது பற்றி. பழைய ஹார்ட்டிஸ்கை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் இணைத்து, ஆவணங்கள், படங்கள், டவுன்லோட்ஸ் மட்டும் எடுங்கள். முழு ஹோமையும் அப்படியே புதியதின் மேல் கொட்டாதீர்கள். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் காலத்து டிகான்ஃப் (அமைப்புகள்), கேஷ், ஸ்னாப் ஃபோல்டர்கள் எல்லாம் வந்து எக்ஸ்எஃப்சிஇயில் விசித்திரமான தோற்றக் கோளாறுகளைக் கிளப்பும். கன்ட்ரோல்+எச் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அதில் எஸ்எஸ்எச், க்னூபிஜி (சாவிகள் இருக்கும் ஃபோல்டர்கள்) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோவதானால் முதலில் டார் கோப்பாகக் கட்டுங்கள். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டும் கோப்பு அனுமதிகளை வைத்துக்கொள்ளாது, அனுமதி தவறான எஸ்எஸ்எச் சாவியை நிரல் ஏற்காது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பும் போகாது.

ஃபயர்ஃபாக்ஸில்தான் பலர் ஏமாறுவது. ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸின் ப்ரொஃபைல் ஹோமில் நேரடியாக இருக்கும் .மொஸில்லா ஃபோல்டரில் இல்லை. ஸ்னாப் ஃபோல்டருக்குள் ஃபயர்ஃபாக்ஸ், அதற்குள் காமன், அதற்குள்தான் இருக்கிறது. வெளியே இருக்கும் .மொஸில்லா 20.04 காலத்துப் பழசு. அதை எடுத்தால் பழைய புக்மார்க்குகள் மட்டும் வரும். புது மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸை ஒருமுறை திறந்து, முகவரிப் பட்டியில் அபவுட்:ப்ரொஃபைல்ஸ் அடித்தால் இப்போதைய ஃபோல்டர் எங்கே என்று காட்டும். மூடிவிட்டு, பழைய ப்ரொஃபைலின் உள்ளடக்கத்தை அதற்குள் காப்பி செய்யுங்கள். "ப்ரொஃபைல் புதிய பதிப்பில் பயன்படுத்தப்பட்டது" என்று மறுத்தால், முதலில் மின்ட்டின் அப்டேட்டுகளை முடித்துவிட்டுத் திறங்கள்.

எழுத்துருக்கள்: பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் ஆவணங்கள் இருந்தால் அந்த டிடிஎஃப் கோப்புகள் எந்த டிஸ்ட்ரோவிலும் கூட வராது. பழைய ஹோமில் .ஃபான்ட்ஸ், .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் இரண்டிலும் தேடி எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு நோட்டோ, லோஹித் இரண்டும் சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைக்கும். தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜைப் போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து திரும்பி வந்தால் தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் பட்டியலில் இருக்கும். லாக்அவுட் செய்யாமல் "வரவில்லை" என்று கேட்பவர்களே அதிகம்.

வேர்_பயனர்:

நிறுவிய பின் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ஃபஸ்ட்ரிம் டைமர் வாரம் ஒருமுறை தானாக ஓடும், அதே வேலைக்காக எஃப்எஸ்டேப்பில் டிஸ்கார்ட் சேர்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யலாம்: இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜ். /இடிசி/டிஃபால்ட்/இசட்ரேம்ஸ்வாப் கோப்பில் அல்காரிதத்தை இசட்எஸ்டிடி என்றும் பெர்சென்ட்டை 50 என்றும் மாற்றி சர்வீஸை மறுதொடக்கம் செய்தால், ரேமின் ஒரு பகுதி சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக வேலை செய்யும். இசட்ரேம் இருக்கும்போது ஸ்வாப்பினஸைக் குறைக்கக் கூடாது, 100-க்கு மேல் ஏற்ற வேண்டும். இணையத்தில் கிடக்கும் "10 வை" ஆலோசனை சுற்றும் டிஸ்கில் ஸ்வாப் வைத்திருந்த காலத்துக்கானது.

யூடியூப்: உங்கள் எச்டி 5500 கிராஃபிக்ஸ் எச்.264 என்ற வீடியோ வடிவத்தை வன்பொருளிலேயே விரிக்கும். மற்ற வடிவங்களில் விபி9-க்கு முழு ஆதரவு இல்லை, ஏவி1-க்கு அறவே இல்லை. யூடியூப் பெரும்பாலும் பின்னிரண்டையே அனுப்பும், அதனால் 1080பி ஓடினாலே சிபியூவுக்குச் சுமை அதிகமாகும். எச்264ஐஃபை என்ற நீட்சியை ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்தால் எச்.264 கேட்டு வாங்கும். 1080பிக்கு மேல் கிடைக்காது, உங்கள் திரைக்கு அது போதும். மீட்டில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். அந்த ஒரு வசதியே, இரண்டே கோர் உள்ள உங்கள் சிபியூவை முழுசாகப் பிடித்துக்கொள்ளும்.

மெதுவண்டி:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: எல்லாம் எடுத்த பிறகு அந்த 1 டிபியை ஃபார்மட் செய்து படம், பாட்டு வைக்கவாவது பயன்படுத்தலாமா?

வேர்_பயனர்:

எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து, புது இடத்தில் திறந்து பார்த்த பிறகு, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுங்கள். 1 டிபிக்கு யுஎஸ்பி 3-இல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுதும்போது டிஸ்க் அந்த 24 செக்டர்களையும் மறுபரிசீலனை செய்யும்: நல்லதாக இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், கெட்டதாக இருந்தால் மாற்று இடம் ஒதுக்கும். அதன் பிறகு நீண்ட செல்ஃப் டெஸ்ட் ஓட்டி 5, 197 இரண்டையும் பாருங்கள். கேபிள் வழியாக ஸ்மார்ட் தெரியாவிட்டால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் -டி சாட் சேர்க்க வேண்டும். 197 பூஜ்யமாகி 5 அதே 8-இல் நின்றால், வேறு எங்காவது பிரதி இருக்கும் படம், பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 5 ஏறினாலோ, 197 மறுபடி தலைகாட்டினாலோ இ-கழிவுக்குக் கொடுத்துவிடுங்கள். கேடியில் போட்டு உள்ளே வைக்கும் யோசனை இரண்டு நிலையிலும் வேண்டாம். சாகும் டிஸ்க் ஒன்று உள்ளே இருந்தால் பூட்டின்போது அதற்காகவும் சிஸ்டம் காத்து நிற்கும்.